அக்கம்பக்கத்துப் பிள்ளைகளிடையே சிறுவர் ஊழியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சபைகளில் சிறுவர் ஊழியத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். பயிற்சி நேரத்தில் எல்லார் முன்னிலையிலும் எழும் கேள்விகள் ஒரு வகை. கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது அருகில் வந்து தாழ்ந்த குரலில் கேட்கப்படும் கேள்விகள் வேறு வகை. இரண்டையும், கேட்டவர்களின் சொற்களிலேயே, இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் என் அனுபவத்திலிருந்து வந்தவை. உங்கள் சபையின் ஒழுங்கும் நீங்கள் வாழும் நாட்டின் சட்டமும் இவற்றோடு முரண்பட்டால் அவற்றையே பின்பற்றுங்கள்.

1. அக்கம்பக்கத்து ஊழியம் என்றால் ஞாயிறு பள்ளியைத் தெருவில் நடத்துவதுதானே? வேறென்ன வித்தியாசம்?

ஞாயிறு பள்ளிக்குப் பிள்ளைகள் நம் இடத்துக்கு வருகிறார்கள். இங்கே நாம் அவர்கள் இடத்துக்குப் போகிறோம். இந்த ஒரு மாற்றத்தால் மற்ற எல்லாமே மாறிவிடுகின்றன. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளில் பலர் விசுவாசிகளின் வீடுகளிலிருந்து வருவதால் பாட்டும் தெரியும், வசனமும் தெரியும், எப்போது கண்ணை மூடவேண்டும் என்பதும் தெரியும். தெருவில் கூடும் வகுப்பிலோ இயேசு என்ற பெயரையே முதன்முறை கேட்கிற பிள்ளையும் ஒரு போதகரின் பேத்தியும் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருமுறை நான் "தாவீது ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான்" என்று தொடங்கியதும், ஒரு சிறுவன் தன் பக்கத்து வீட்டு டேவிட்டைத் திரும்பிப் பார்த்து, "இவனா?" என்று கேட்டான். எதையும் தெரிந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அன்று கற்றேன்.

விடுமுறை வேதாகமப் பள்ளி சில நாள்களில் முடிந்துவிடும். அக்கம்பக்கத்து ஊழியம் வாரந்தோறும் தொடர்வது. அதனால் பாடம் நடக்கும் ஒரு மணி நேரம் மட்டுமல்லாமல், உங்கள் வீட்டுக்குள் விழுந்த பந்தை நீங்கள் எப்படித் திருப்பிக் கொடுக்கிறீர்கள் என்பதும் பாடமாகிவிடும்.

2. இதற்கு வேதத்தில் ஆதாரம் உண்டா, அல்லது பிற்காலத்தில் வந்த பழக்கமா?

பிள்ளைகளைச் சீஷர்கள் அதட்டியபோது இயேசு விசனமடைந்து, "சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள், அவர்களைத் தடைபண்ணாதிருங்கள்" என்று சொன்னதை மாற்கு 10-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பொறுப்பை வேதம் முதலில் பெற்றோரிடம் ஒப்படைக்கிறது என்பதையும் (உபாகமம் 6) உடன் சேர்த்துப் படிக்கவேண்டும். பின்னால் வரும் சில பதில்கள் இதன்மேல்தான் நிற்கின்றன.

அமைப்பாக இது வளர்ந்தது பிற்காலத்தில்தான். 1780-இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகையாளர், வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதப் படிக்கக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். அவருக்கு முன்பே, 1769-இல், ஹானா பால் என்ற பெண்மணி ஹை விக்கம் ஊரில் இதைச் செய்திருந்தார். ரெய்க்ஸ் கையில் பத்திரிகை இருந்ததால் அவர் செய்தது பரவியது என்பது என் கணிப்பு. 1868-இல் வேல்ஸ் நாட்டின் லாண்டட்னோ கடற்கரையில் ஜோசையா ஸ்பையர்ஸ் என்பவர் மணலில் 'தேவன் அன்பாகவே இருக்கிறார்' என்ற வசனத்தைப் பெரிய எழுத்துகளில் வரைந்து, அங்கே விளையாடிய பிள்ளைகளைக் கூழாங்கற்களாலும் சிப்பிகளாலும் அதை அலங்கரிக்கச் சொன்னார். பின்னாளில் ஸ்கிரிப்ச்சர் யூனியன் என்ற, பிள்ளைகளிடையே வேத வாசிப்பை வளர்க்கும் அமைப்பாக வளர்ந்த இயக்கத்தின் தொடக்ககாலக் காட்சி அது. பிரசங்கத்துக்கு முன் பிள்ளைகளின் கைகளுக்கு வேலை கொடுத்தார் என்பதே எனக்கு அதில் பிடித்த பகுதி.

3. எனக்கு இறையியல் தெரியாது. நாலு பேர் முன்னால் பேசியதும் இல்லை. நான் போகலாமா?

போகலாம். 1855-இல் பாஸ்டனில் எட்வர்ட் கிம்பால் என்ற ஞாயிறு பள்ளி ஆசிரியர், தம் வகுப்பு இளைஞன் ஒருவனிடம் கிறிஸ்துவைப் பற்றித் தனியாகப் பேச எண்ணி, அவன் வேலைசெய்த காலணிக் கடைக்குப் போனார். தயக்கத்தில் கடையைத் தாண்டி நடந்துவிட்டு, பிறகு திரும்பி வந்தார். தாம் பேசியது மிகவும் பலவீனமான பேச்சு என்றே அவர் நினைத்தார். பின்னாளில் புகழ்பெற்ற சுவிசேஷகரான டுவைட் எல். மூடிதான் அந்த இளைஞன். மூடியையும் சபை உடனே உறுப்பினராகச் சேர்க்கவில்லை. உபதேசக் கேள்விகளுக்கு அவரால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. சில ஆண்டுகளுக்குள் அதே மனிதர் சிகாகோவின் தெருப் பிள்ளைகளைத் திரட்டிப் பெரிய ஞாயிறு பள்ளி ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார்.

ஆனாலும், பேசத் தெரியாமல் போகலாம், ஆயத்தமில்லாமல் போகக் கூடாது. அந்த வாரக் கதையை வேதத்திலிருந்து மூன்று முறையாவது வாசித்து, ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் இரண்டு மாதங்கள் அனுபவமுள்ள ஒருவருடன் துணையாகப் போய், பெயர்ப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெயர்கள் மனத்தில் நின்றுவிட்டால் பேச்சு தானாக வரும்.

4. ஒரு மணி நேரத்தில் என்னதான் செய்வீர்கள்?

விளையாட்டு, இரண்டு மூன்று பாட்டு, ஒரு கதை, ஒரு மனப்பாட வசனம், கையால் செய்யும் ஒரு வேலை, சிறு ஜெபம். கதை பத்து நிமிடத்தைத் தாண்டினால் பின்வரிசையில் செருப்புகள் இடம் மாறத் தொடங்கும். அதுவே உங்கள் கடிகாரம். கையால் செய்யும் வேலையை நேரம் போக்குவதற்கானது என்று நினைத்துக் குறைக்காதீர்கள். தலை குனிந்து வண்ணம் தீட்டும்போதுதான் பிள்ளைகள் உண்மையானவற்றைப் பேசுகிறார்கள்.

5. எங்கே நடத்துவது? வாடகைக்கு இடம் எடுக்கப் பணம் இல்லையே.

வீட்டு முற்றம், வாகனம் வராத தெரு முனை, பொதுப் பூங்கா, இவற்றில் எது அனுமதியோடு கிடைக்கிறதோ அது போதும். 1898-இல் நியூயார்க்கின் ஈஸ்ட் சைட் பகுதியில், விடுமுறையில் தெருவில் சுற்றிய பிள்ளைகளுக்கு வேதாகமப் பள்ளி நடத்த எலிசா ஹாஸ் என்ற பெண்மணி இடம் தேடி, கடைசியில் வாடகைக்கு எடுத்தது ஒரு மதுக்கூடத்தை. இடத்தின் அழகைவிட மூன்று காரியங்கள் முக்கியம்: பெற்றோர் தம் வாசலிலிருந்தே பார்க்க முடியவேண்டும்; நிழல் இருக்கவேண்டும்; பக்கத்து வீட்டாரிடம் சத்தத்தைப் பற்றி முன்னரே பேசியிருக்கவேண்டும். மூன்றாவதை மறந்து மூடப்பட்ட வகுப்புகள் எனக்குத் தெரிந்தே சில உண்டு.

6. என் விசுவாசமே இப்போது வறண்டுகிடக்கிறது. நான் போய்ப் பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

நாற்காலி அடுக்கும் நேரத்தில் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுவே. இதற்கு என் சொந்த அனுபவத்தைத்தான் சொல்ல முடியும். வீட்டில் நேர்ந்த ஒரு மரணத்துக்குப் பின், பல மாதங்கள் ஜெபம் எனக்கு வெறும் சொல்லாகிவிட்டிருந்தது. வகுப்புக்குப் போகாமலிருக்கக் காரணம் தேடினேன். முறைப்பட்டியலில் என் பெயர் இருந்ததால் போனேன். அன்றைய கதை ஐந்து அப்பமும் இரண்டு மீனும். இருபது முறையாவது சொல்லியிருந்த கதை என்பதால், மனத்தை எங்கோ வைத்துக்கொண்டே சொல்லி முடித்தேன். ஏழு வயதிருக்கும் ஒரு பெண் பிள்ளை படத்தை விரலால் தொட்டு, "அக்கா, அந்தப் பையனுக்குப் பசிக்கலையா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள், "அம்மா கொடுத்துவிட்டதை எடுத்து யாருக்கோ கொடுத்தால் வீட்டில் திட்டமாட்டாங்களா?" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு நான்கு சுவிசேஷங்களையும் விரித்துவைத்துப் பார்த்தேன். பையன் யோவானில் மட்டுமே வருகிறான். மற்ற மூன்றிலும் அவனைப் பற்றிப் பேச்சே இல்லை. யோவானிலும் ஒரே ஒரு வசனம்தான். பெயர் கிடையாது, அவன் மனமுவந்து கொடுத்தானா என்பதும் கிடையாது. அவ்வளவு காலம் நான் அவனை அப்பத்தைத் தூக்கிவரும் ஒரு கையாகத்தான் பார்த்திருக்கிறேன். அவனுக்கு ஒரு வயிறு இருந்தது என்று ஒரு குழந்தை சொல்லவேண்டியிருந்தது. ஒளி ஒன்றும் தோன்றவில்லை, குரலும் கேட்கவில்லை. ஆனால் பல மாதங்களுக்குப் பிறகு, கடமைக்காக அல்லாமல், தெரிந்துகொள்ளவேண்டும் என்பதற்காக வேதத்தை வாசித்தேன். என் வறட்சி தணியத் தொடங்கியது அங்கேதான்.

ஆகவே, களைப்பினாலோ துக்கத்தினாலோ வறண்டிருப்பவர்களை நான் போகச் சொல்கிறேன். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறியவரும் ஒரு பிள்ளையின் தகப்பன்தான். ஆனால், சொல்லப்போவதில் உங்களுக்கு நம்பிக்கையே இல்லாத நிலை என்றால் கதை சொல்லும் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, பாய் விரியுங்கள், விளையாட்டு நடத்துங்கள். பிள்ளைகள் முன்னால் நடிப்பது அவர்களுக்கும் நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல.

7. பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் என்ன செய்வது?

தெரியவில்லை என்று சொல்லுங்கள். அடுத்த வாரம் தேடிப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னால் மறக்காமல் சொல்லுங்கள். நீங்கள் மறந்தாலும் பிள்ளைகள் மறப்பதில்லை.

கடினமான கேள்வி வேறு மாதிரி வரும்: "பாட்டிக்காக ஜெபம் செய்தேனே, ஏன் செத்துப்போனாங்க?" இங்கே இரண்டு பதில்களை ஒருபோதும் சொல்லவேண்டாம். உன் விசுவாசம் போதவில்லை என்பது ஒன்று. ஆண்டவருக்கு உன் பாட்டி தேவைப்பட்டார் என்பது மற்றொன்று. அதைக் கேட்ட பிள்ளை, ஆண்டவருக்கு அடுத்து யார் தேவைப்படுவாரோ என்று பயந்துகொண்டு தூங்கப்போகும். எனக்கும் தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டு, லாசருவின் கல்லறைக்கு வந்தபோது இயேசு கண்ணீர் விட்டதைச் சொல்லி, பாட்டியைப் பற்றி அந்தப் பிள்ளையைப் பேசவிடுங்கள். பெரும்பாலும் அது விளக்கம் கேட்டு வருவதில்லை. பாட்டியின் பெயரை யாரிடமாவது சொல்வதற்குத்தான் வருகிறது.

8. அடங்காத பிள்ளை ஒருவனால் வகுப்பே கெடுகிறது. அவனை வரவேண்டாம் என்று சொல்லலாமா?

மற்றப் பிள்ளைகளுக்கு அடிபடும் அபாயம் இருந்தால், அன்றைக்கு மட்டும் அவனை வீட்டில் ஒப்படைக்கலாம். மற்றபடி, அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். படப் பலகையைப் பிடிக்கும் வேலை பலரை மாற்றியிருக்கிறது. ஏன் அப்படி இருக்கிறான் என்பதை அவன் வீட்டுக்கு ஒருமுறை போய்வந்தால் அநேகமாகப் புரிந்துவிடும். கையை ஓங்குவதும் எல்லார் முன்னிலையிலும் கேலி செய்வதும் எந்த நிலையிலும் கூடாது.

9. மிட்டாய், பரிசு கொடுத்தால்தான் வருகிறார்கள். கொடுப்பதில் என்ன தவறு?

வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரேபோல் கொடுப்பது விருந்தோம்பல். வந்தால்தான் தருவேன், நண்பனை அழைத்துவந்தால் இரண்டாகத் தருவேன் என்பது பேரம். விளையாட்டில் வென்றதற்குச் சிறு பரிசு கொடுப்பதை நான் குறைசொல்லமாட்டேன். ஜெபித்ததற்கும் விசுவாசத்தை அறிக்கை செய்ததற்கும் பரிசு கொடுப்பதை மன்னிக்கமாட்டேன். பொருளைக் காட்டி மதம் மாற்றுவதைக் குற்றமாகக் கருதும் சட்டங்கள் சில நாடுகளில் உண்டு. சட்டமே இல்லாவிட்டாலும், பரிசுக்காகச் சொன்ன 'ஆமென்' பரிசு தீர்ந்ததும் தீர்ந்துவிடும். உண்ணக் கொடுப்பதானால், எந்தப் பிள்ளைக்கு எது ஒவ்வாது என்பதைப் பெற்றோரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

10. எழுத்தில்லாத வண்ணப் புத்தகத்தை இப்போதும் பயன்படுத்தலாமா?

தெரியாதவர்களுக்கு: சொற்களே இல்லாமல், பக்கத்துக்கு ஒரு நிறமாகச் சுவிசேஷத்தைச் சொல்லும் சிறு புத்தகம் அது. 1866-இல் லண்டனில் ஸ்பர்ஜன் என்ற போதகர் தம் பிரசங்கம் ஒன்றில் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்று மூன்று பக்கங்களைக் கொண்டு விளக்கினார். 1875-இல் மூடி பொன் நிறத்தைச் சேர்த்தார். பச்சை அதற்கும் பிறகு வந்தது. படிக்கத் தெரியாத பிள்ளையும் நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதால் அது உலகம் முழுவதும் பரவியது.

கறுப்பைப் பாவத்தின் நிறமாகவும் வெள்ளையைத் தூய்மையின் நிறமாகவும் காட்டும்போது, நிறத்துக்காக ஏற்கெனவே கேலிக்கு ஆளாகும் பிள்ளை எதைக் கேட்டுக்கொள்ளும் என்பதே என் கவலை. அழுக்குப் படிந்த பக்கம், கழுவப்பட்ட பக்கம் என்று மாற்றிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தப் புத்தகத்தையே எடுத்துவைத்துவிட்டேன். ஐந்து நிறங்களைவிட ஒரு முழுக் கதை பிள்ளைகளோடு அதிக தூரம் போகிறது என்பது என் எண்ணம்.

11. கதையின் முடிவில், இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்று கேட்கலாமா?

நான் கேட்டிருக்கிறேன். இருபத்துமூன்று பிள்ளைகள் இருந்தார்கள். இருபத்துமூன்று கைகள் உயர்ந்தன. மகிழ்ச்சியோடு அறிக்கை எழுதினேன். அடுத்த வாரமும் கேட்டேன். அதே பிள்ளைகள், அதே இருபத்துமூன்று கைகள். ஒரு சிறுவனை அருகில் அழைத்து ஏன் கை தூக்கினாய் என்று கேட்டதற்கு, நண்பனைக் காட்டி, "அவன் தூக்கினான், நானும் தூக்கினேன்" என்றான். தனக்குப் பிடித்த பெரியவர் எதை எதிர்பார்க்கிறாரோ அதைக் கொடுக்கவே பிள்ளை விரும்பும். கூட்டத்தில் கேட்கப்படும் கேள்விக்கு அந்த விருப்பம்தான் பதில் சொல்கிறது. அதன்பின் நான் கூட்டமாகக் கேட்பதில்லை.

வார்த்தைகளையும் கவனிக்கவேண்டும். "இயேசு உன் இருதயத்துக்குள் வரட்டுமா?" என்று ஒரு துணை ஊழியர் கேட்டபோது, "உள்ளே எப்படி மூச்சுவிடுவார்?" என்று ஒரு குழந்தை கவலையோடு திருப்பிக் கேட்டது. சிறு பிள்ளைகள் உருவகத்தை உருவகமாக எடுத்துக்கொள்வதில்லை. வாசற்படியில் நின்று தட்டுகிறேன் என்ற வசனத்தையும் இதற்காகவே பயன்படுத்துகிறோம்; அது லவோதிக்கேயா சபையாருக்கு, அதாவது ஏற்கெனவே விசுவாசிகளாக இருந்த பெரியவர்களுக்கு எழுதப்பட்டது என்பதை மறந்துவிடுகிறோம். தானாக முன்வந்து பேசும் பிள்ளையிடம், மற்றவர்கள் பார்வையில் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து, "இந்தக் கதையில் உனக்கு என்ன புரிந்தது?" என்று கேளுங்கள். அவசரப்படவேண்டாம். ஆசாரியன் ஏலி சொல்லித்தரும் முன்பு, சிறுவன் சாமுவேல் தன்னை அழைத்தது யார் என்று அறியாமல் மூன்று முறை எழுந்து ஓடினான்.

12. பெற்றோர் வேறு மதத்தவர்கள். அவர்கள் பிள்ளைகளை அழைப்பது சரியா?

பெற்றோரை முதலில் அழைத்தால் சரி. 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு, குழந்தைக்கு மனச்சாட்சி, சமயச் சுதந்திரம் உண்டு என்றும், குழந்தையின் வளர்ச்சிக்கேற்ப அதற்கு வழிகாட்டும் உரிமையும் கடமையும் பெற்றோருக்கு உண்டு என்றும் சொல்கிறது. உபாகமத்தை மதிக்கிற நாம் இதில் முரண்பட இடமில்லை. சிறார் மதமாற்றம் குறித்து உங்கள் நாட்டில் என்ன சட்டம் இருக்கிறது என்பதையும் தொடங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நேர்மையே இதில் முதல் விதி. அழைப்பில் 'நன்னெறி வகுப்பு' என்று எழுதிவிட்டு உள்ளே சுவிசேஷம் சொல்வது பொய். இயேசுவின் கதைகள் சொல்லப்படும், கிறிஸ்தவப் பாடல்கள் பாடப்படும், ஜெபம் செய்யப்படும் என்று எழுதி, பெற்றோரின் கையெழுத்து வாங்குங்கள்; எப்போது வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்றும் சொல்லுங்கள். வேறு சமயத்தைச் சேர்ந்த ஒரு தாய் மூன்று வாரம் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கதை நல்லா இருக்கு, அவள் கேட்கட்டும், ஜெபத்தில் மட்டும் சேரவேண்டாம்" என்றார். அன்றுமுதல் நாங்கள் ஜெபிக்கும் நேரத்தில் அந்தச் சிறுமி வண்ணப் பென்சில்களை நீளவாரியாகப் பெட்டியில் அடுக்குவாள். அந்த வேலையை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டாள். இரண்டு ஆண்டுகள் ஒரு வாரமும் தவறாமல் வந்தாள். அவள் தாய் இன்றும் எங்களுக்கு நல்ல நண்பர்.

13. "அம்மாவுக்குத் தெரியாமல் நான் ராத்திரியில் இயேசுவிடம் ஜெபிக்கிறேன், சொல்லிவிடாதீர்கள்" என்று ஒரு பிள்ளை சொன்னால்?

இதுவே இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் சிரமம் தரும் கேள்வி. சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த மறைவைப் பாராட்டவும் செய்யாதீர்கள்; பெற்றோரிடம் மறைப்பதை வீரமாக ஒரு பிள்ளைக்குக் கற்பித்தால், பிற்பாடு தீய எண்ணத்தோடு நெருங்கும் ஒருவருக்கு நாமே கதவைத் திறந்துவைக்கிறோம். அதே நேரத்தில் ஓடிப்போய்ப் புகார் சொல்லவேண்டிய குற்றமும் இதில் இல்லை. அம்மாவிடம் பேசுவதற்கு என்ன பயம் என்று கேளுங்கள். அம்மாவையும் அப்பாவையும் கனம்பண்ணுவது இயேசுவுக்குப் பிரியமானது என்று சொல்லுங்கள். அவர்களோடு உங்கள் உறவை நெருக்கமாக்குங்கள். ஜெபத்தில் சேரவேண்டாம் என்று பெற்றோர் முன்பே சொல்லியிருந்தால், வகுப்பில் அந்தச் சொல்லை நீங்கள் காப்பாற்றியே தீரவேண்டும்.

வீட்டு வழிபாட்டில் கலந்துகொள்ளாதே என்று சிறு பிள்ளையிடம் சொல்வதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். தொழுநோயிலிருந்து குணமடைந்த சீரியப் படைத்தலைவன் நாகமான், தன் எஜமான் ரிம்மோன் கோவிலில் பணியும்போது தானும் குனியவேண்டியிருக்குமே என்று கலங்கிக் கேட்டபோது, தீர்க்கதரிசி எலிசா அவனிடம் "சமாதானத்தோடே போ" என்றார். படைத்தலைவனுக்கே அந்த இரக்கம் கிடைத்தது என்றால், எந்த வீட்டில் பிறப்பது என்பதைத் தெரிவுசெய்யாத எட்டு வயதுப் பிள்ளைக்கு நாம் அதைவிடக் கடுமையாக இருக்க முடியாது.

14. நாங்கள் எல்லாரும் ஒரே சபையார், தெரிந்தவர்கள். பாதுகாப்பு விதிகள் இவ்வளவு தேவையா?

தெரிந்தவர்கள் என்பதாலேயே தேவை. பிள்ளைகளுக்குத் தீங்கு செய்கிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் அறிமுகமானவர்களே. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. வகுப்பில் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருக்கவேண்டும், அவர்கள் ஒரே குடும்பத்தவராக இல்லாமலிருப்பது நல்லது. யார் வந்து அழைத்துப்போகலாம் என்பது பதிவேட்டில் இருக்கவேண்டும். பிள்ளைகளுக்குத் தனிப்பட்ட குறுஞ்செய்தி அனுப்பக் கூடாது. தகவல் பெற்றோர் வழியாகவே போகட்டும். புதிய ஊழியரைச் சேர்க்கும் முன் அவர் முன்பு இருந்த இடத்தில் விசாரியுங்கள். "என்மேல் சந்தேகமா?" என்று கோபிக்கிறவரிடம், இது போதகருக்கும் பொருந்தும் விதி என்று சொன்னால் போதும்; பொருந்தவும் வேண்டும்.

தனக்கு நேர்ந்த கொடுமையை ஒரு பிள்ளை உங்களிடம் சொன்னால், அது 13-ஆம் கேள்வியில் பார்த்த இரகசியத்தைப் போன்றதல்ல. அமைதியாகக் கேளுங்கள், தூண்டித் துருவாதீர்கள், நீ சொன்னது சரி, உன்மேல் தவறில்லை என்று சொல்லுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளை பயன்படுத்திய சொற்களையே அன்றே எழுதிவைத்து, சபையின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடமும் சட்டம் சொல்லும் அதிகாரியிடமும் அன்றே தெரிவியுங்கள். குற்றம்சாட்டப்பட்டவரிடம் நீங்களே போய் விசாரிப்பதும், சபைக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள முயல்வதும் பிள்ளையை மீண்டும் ஆபத்தில் தள்ளும்.

15. ஆதரவாளர்களுக்கு அறிக்கை அனுப்பவேண்டுமே. பிள்ளைகளின் படங்களைப் போடலாமா?

பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் கூடாது. சம்மதம் இருந்தாலும், பெயரும் வறுமையும் முகமும் ஒன்றாகத் தெரியும் படம் வேண்டாம். அந்தப் பிள்ளை இருபது வயதில் அதைப் பார்த்தால் என்ன நினைக்கும் என்று யோசித்துவிட்டு அனுப்புங்கள். பிள்ளைகள் செய்த கைவேலையைப் படம் எடுத்து அனுப்புகிறோம், யாரும் குறைசொன்னதில்லை.

16. முப்பது பேர் வந்த வகுப்புக்கு இப்போது நான்கு பேர் வருகிறார்கள். எங்கே தவறு செய்தோம்?

தவறே இல்லாமலிருக்கலாம். குடும்பங்கள் இடம் மாறும், தேர்வுகள் வரும், பிள்ளைகள் வளர்ந்துவிடும். முதலில் வீடுகளுக்குப் போய்க் கேளுங்கள். வகுப்பு நேரம் மாறினால் வருவோம் என்ற பதிலை எதிர்பாராமல் பலமுறை கேட்டிருக்கிறேன். உங்கள் சொல்லோ செயலோ புண்படுத்தியிருந்தால் அதுவும் அப்போது தெரியவரும், மன்னிப்புக் கேளுங்கள். நான்கு பேர் மட்டும் இருக்கும்போது, முப்பது பேருக்குச் செய்ய முடியாத ஒன்று சாத்தியமாகிறது: ஒவ்வொருவரும் கதையைத் தம் சொந்தச் சொற்களில் திருப்பிச் சொல்லலாம்.

17. வகுப்புக்குப் போய்வந்தால் என் மனம் நிறைகிறது. என் ஊக்கத்துக்காகப் பிள்ளைகளைப் பயன்படுத்திக்கொள்கிறேனோ?

6-ஆம் பதிலைப் படித்த ஒருவர் என்னிடமே இதைக் கேட்டார், நியாயமான கேள்வி. ஊக்கம் கிடைப்பதில் தவறில்லை, அதைத் தேடிப் போகத் தொடங்கும்போதுதான் சிக்கல். நான் என்னைச் சோதிக்கும் விதம் இது: வீடு திரும்பியதும் யாரைப் பற்றிப் பேசுகிறேன்? என்னைக் கட்டிப்பிடித்த பிள்ளையை மட்டும் நினைவில் வைத்து, மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்த பிள்ளையின் பெயரை மறந்திருந்தால் அன்று நான் எனக்காகத்தான் போயிருக்கிறேன். சாட்சி சொல்லும்போது ஒரு பிள்ளையின் கண்ணீரை விவரிக்கிறேனா? அது அந்தப் பிள்ளையின் கண்ணீர். அதைச் சொல்ல என்னிடம் அனுமதி இருக்கிறதா? மேலே சொன்ன அப்பக் கதையைக்கூட, அந்தப் பெண் பிள்ளையிடமும் அவள் தாயிடமும் கேட்டபிறகே பிறருக்குச் சொல்லத் தொடங்கினேன். அவளுக்கு அது நினைவிலேயே இல்லை. "நான் அப்படியா கேட்டேன்?" என்று சிரித்தாள்.

18. நான் வேறு ஊருக்குப் போகவேண்டியிருக்கிறது. பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?

ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள். கடைசி நாளில் சொல்லாதீர்கள். இந்தப் பிள்ளைகளில் சிலருக்கு, பெரியவர்கள் சொல்லாமல் காணாமல்போவது ஏற்கெனவே பழகிய விஷயமாக இருக்கும். திரும்பி வருவேன் என்று உறுதியில்லாமல் சொல்லவேண்டாம். பொறுப்பேற்பவரைக் குறைந்தது மூன்று வாரமாவது உங்களோடு வகுப்பில் உட்காரவையுங்கள். கடைசி வாரத்தில் கதையை அவர் சொல்லட்டும், நீங்கள் பாயில் பிள்ளைகளோடு உட்காருங்கள். பதிவேட்டைக் கொடுக்கும்போது பெயர்களுக்கு எதிரே எழுதிக் கொடுங்கள்: இவனுக்கு வலது காது சரியாகக் கேட்காது, வலப்பக்கம் நின்று பேசவேண்டாம், இவள் ஜெபத்தில் சேரமாட்டாள், பென்சில் பெட்டி அவள் பொறுப்பு.